நீ மாட்டிய விளக்குகளை அப்பா ஏன் கழற்றினார்

தம்பி,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, மனசு ஒப்பாமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். தினமும் போனில் வாய் ஓயாமல் பேசுகிறவள் எதற்கு உட்கார்ந்து கடுதாசி எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். இதைப் போனில் சொல்ல முடியாது. உன் அப்பா படகுப் பட்டறையில் இருந்தாலும் அடுப்படியில் நான் முணுமுணுப்பது அவர் காதில் விழுந்துவிடுகிறது. முன்பெல்லாம் பக்கத்தில் நின்று கத்தினாலும் திரும்பிப் பார்க்காத மனுசன். எழுதினால் சத்தம் வராது, அதனால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன், நீ தனியாக இருக்கும்போது படி.

போன வாரம் பேசும்போது, உன் கல்யாணத்துக்கே முதல் நாள்தான் வருவேன், வீட்டுக்கு வராமல் நேரே மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னாய். லீவு கிடைக்கவில்லை என்று காரணமும் சொன்னாய். உன்னைப் பெற்றவளிடமே கதை விடுகிறாயே. நீ வீட்டுக்கு வராததற்குக் காரணம் லீவு இல்லை, படகு ஏற்றுகிற டிரெய்லரின் பின்விளக்கு என்று எனக்குத் தெரியாதா? உன் கைக்காசில் வாங்கி வந்து, வெயிலில் படுத்துக் கிடந்து நீ மாட்டிய விளக்குகளை, நீ சிங்கப்பூர் திரும்பிய அடுத்த மாதமே அவர் கழற்றிவிட்டு, பழைய பல்பு விளக்கையே திரும்ப மாட்டிவிட்டார். வீடியோ காலில் நான் பட்டறையைக் காட்டியபோது நீ அதைப் பார்த்துவிட்டாய். அன்றைக்கு விட்ட பேச்சுத்தான், இன்னும் நீ அவரோடு பேசவில்லை. 'குப்பையில தூக்கிப் போட்டுட்டாரும்மா' என்று என்னிடம் சொன்னபோது உன் குரல் உடைந்திருந்தது. அவர் ஏன் கழற்றினார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் சொன்ன எதை நான் அப்படியே கேட்டிருக்கிறேன், இதை மட்டும் கேட்பதற்கு?

உனக்கு ஆறேழு வயசு இருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. தொண்டியில் ஒரு ஃபைபர் படகைக் கொடுத்துவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பிக்கொண்டிருந்தோம். படகை இறக்குவதற்கு டிரெய்லரைக் கடல் தண்ணீருக்குள் பின்னாலேயே விட வேண்டும், அப்போது உப்புத்தண்ணீர் விளக்குக்குள் புகுந்துவிடும். அது ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான். திருவாடானை தாண்டுவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது, பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. ஒரு பஸ் உரசுகிற மாதிரி வந்து, ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. உன் அப்பா ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு, 'இனி ஒரு அடி நகத்த மாட்டேன், பின்னால வர்றவன் உசுருல்ல' என்றார். உன்னை வைத்துக்கொண்டு அந்தப் பொட்டலில் நான் எங்கே உட்கார்ந்திருப்பது? டார்ச் லைட்டின் மேல் சிவப்புப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு டிரெய்லரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தேவகோட்டை வரைக்கும் நான்தான் பின்விளக்கு. நீ ஜீப்பின் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி வந்தாய், நான் உனக்குக் கையாட்டினேன், டார்ச் ஆடியதற்கு அவர் என்னைத் திட்டினார்.

அதற்கப்புறம் நம் வீட்டில் அது ஒரு சட்டமாகிவிட்டது. படகு பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நான் ஜீப்பில் ஏறி பிரேக்கை மிதிக்க வேண்டும், அவர் பின்னால் நின்று பார்த்து 'எரியுது' என்று சத்தம் கொடுக்க வேண்டும். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம். எல்லாம் எரிந்தால்தான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். படகு வாங்க வந்தவர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும் அவர் விட்டதில்லை. எலுமிச்சம்பழத்தை மறந்து போன நாள் உண்டு, விளக்கைப் பார்க்காமல் போன நாள் கிடையாது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கையோடு ஓடிப்போய்ப் பிரேக்கை மிதித்திருக்கிறேன். புருசன் பொண்டாட்டி பேசிக்கொள்ளாத நாட்களில்கூட நான் 'எரியுதா?' என்பேன், அவர் 'எரியுது' என்பார், அதிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

போன வருடம் வைகாசியில் நீ லீவில் வந்தாய். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருக்கிற பிள்ளைக்கு நம் டிரெய்லரின் ஒயரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. எர்த் சரியாக வரவில்லை, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிறது என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாய். தண்ணீர் புகாத எல்இடி விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி எர்த் ஒயர், அதெல்லாம் போவதற்குக் குழாய். தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஜீப் ஓட்டுகிற பாண்டிக்குப் பாடமும் நடத்தினாய். சோற்றுக்குக் கூப்பிட்டால் 'இந்தா வர்றேம்மா' என்று குரல் மட்டும் டிரெய்லருக்கு அடியிலிருந்து வரும். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த டார்ச் லைட்டை இவன் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நீ பார்த்தது பாதிதான். நல்ல உச்சி வேளை, டிரெய்லர் கொட்டகை நிழலில் நிற்கிறது. படகு எடுக்கத் தொண்டிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'எரியுதா?' என்றேன். 'எரியல' என்றார் உன் அப்பா. நீ பக்கத்தில் நின்று, 'எரியுதுப்பா, நல்லாப் பாருங்க' என்றாய். அவர் விளக்கின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் 'எரியலடா, பழசே தேவல' என்றார். தொண்டிக்காரர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். உனக்கு முகம் சிவந்துவிட்டது. 'பளிச்சுன்னு எரியிற வெளக்க எரியலங்கிறீக. கண்ணு அவிஞ்சா போச்சு?' என்று கத்தினாய். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். உன் அப்பா தொட்டிப் பக்கம் போய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். பெற்றவனைப் பார்த்து இப்படிப் பேசுகிறானே என்று எனக்கு உன் மேல் ஆத்திரம், வாய்க்கு வாய் பேசுகிற மனுசன் மகனை ஒரு வார்த்தை கண்டிக்காமல் போகிறாரே என்று அவர் மேலும் ஆத்திரம். ரெண்டு நாளில் நீ கிளம்பிப் போய்விட்டாய்.

நீ போன அன்று சாப்பிட்டுக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். 'பய நல்லா வேல பாத்துருக்கான். கைய வச்சுத் தடவுனா ஒரு ஒயரு தட்டுப்படல.' இதை அப்போதே உனக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் இவ்வளவு மெச்சிய வாயாலேயே அடுத்த மாதம் அதைக் கழற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, 'எனக்கு ஒத்து வரல' என்று ஒரே பேச்சு. இந்த ஆள் திருந்த மாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் சித்திரையில்தான் விசயம் வெளியே வந்தது. அன்றைக்குப் பாண்டி ஜீப்பில் ஏறிப் பிரேக்கை மிதித்தான். படகு வாங்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு நான் டிரெய்லர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அங்கே நின்று நான் பார்த்ததே இல்லை, என் இடம் எப்போதும் முன்னால்தான். உன் அப்பா வந்தார். இடது பக்க விளக்கில் உள்ளங்கையை வைத்தார். 'எரியுது' என்று சத்தம் கொடுத்தார். வலது பக்கம் போய் அதிலும் கையை வைத்தார். 'எரியுது, எரியுது, வண்டிய எடு' என்றார். தம்பி, ரெண்டு விளக்குமே எரியவில்லை. பிளக்கே மாட்டவில்லை, அது கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சித்திரை வெயிலில் காய்ந்த விளக்குக் கண்ணாடி சுட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு முதலில் விளையாடுகிறாரோ என்று தோன்றியது. பாண்டியை இரு என்று கையைக் காட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். 'என்னங்க, நான் இன்னைக்கி என்ன கலரு சேல கட்டியிருக்கேன்?' என்றேன். 'எப்பயும் கட்டுறதத்தான் கட்டியிருப்ப, வேற வேல இல்லையா ஒனக்கு' என்றார். அது நீ வாங்கி அனுப்பிய புதுச் சேலை, அன்றைக்குத்தான் முதல் தடவை கட்டியிருந்தேன். 'வெளக்கு எரியலங்க' என்று அவர் காதோரம் மெதுவாகச் சொன்னேன். கையை மறுபடியும் விளக்கின் மேல் வைத்தார். 'சுடுதே' என்றார். சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார். அப்புறம் டிரெய்லரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. நீ லீவில் வருவதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கிறது. எதிரே ஒரு ஆள் நிற்கிறான் என்கிற அளவுக்குத்தான் தெரிந்திருக்கிறது, முகம் தெரியாது. முட்டி வலி, இனி ஜீப் ஓட்ட மாட்டேன் என்று பாண்டியை வேலைக்கு வைத்தாரே, முட்டியில் ஒன்றும் இல்லை. பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டு டிவி செய்தியை அலறவிட்டாரே, அதுவும் இதுதான். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தினால் சண்டைக்கு வந்தார், வயசாக ஆக மூக்குக்கு மேல் கோபம் என்று நான் பதிலுக்குச் சண்டை போட்டேன். படகு வேலையில் பாதி, கையால் தடவிப் பார்ப்பதுதானே, ஃபைபருக்குள் காற்று புகுந்த இடத்தை எப்போதும் உள்ளங்கையால்தான் கண்டுபிடிப்பார். அதனால் விளக்கைத் தடவியபோதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பழைய பல்பு எரிந்தால் கண்ணாடி சூடாகும், அதை வைத்து 'எரியுது' சொல்லிக்கொண்டிருந்தார். உன் விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் சுடாது. அவருக்கு அது எரியவே இல்லை.

அதனால்தான் கழற்றினார், தம்பி. உன் வேலையைப் பிடிக்காமல் இல்லை. 'சூடு இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்? பாக்காம அனுப்பச் சொல்றியா?' என்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். பார்க்க முடியாத மனுசன் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. அன்றைக்கு நான் மட்டும் பின்னால் நிற்காவிட்டால் விளக்கில்லாத வண்டியை 'எரியுது' என்று சொல்லி ரோட்டில் விட்டிருப்பார். அதுதான் அவரை உடைத்துவிட்டது. கண் போனதைவிட அதுதான். அதற்குப் பின் பல வாரம் டிரெய்லர் பக்கமே அவர் போகவில்லை.

மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத பார்வையால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். உன்னிடம் சொல்லிவிடலாம் என்றேன். 'சொல்லாத. வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான். வந்து என்ன செய்வான், என் கண்ணாவா இருக்கப் போறான்?' என்றார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே, 'அன்னைக்கி அவன் கேட்டதுக்கு ஆமாடான்னு சொல்லியிருக்கணும். வாய் வரல' என்றார். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ.

ஐப்பசியில் பள்ளத்தூரிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, அங்கே நீ பெண்ணோடு நின்று எடுத்து அனுப்பிய போட்டோவை அவர்கள் முன்னால் அவர் கையில் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. போனைச் சரியாக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, 'நல்லா இருக்கு' என்றார். 'ஒத்த வார்த்தைதான் சொன்னாராக்கும்' என்று அதற்கும் நீ கோபித்தாய். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'பொண்ணு எப்படி இருக்கும், சொல்லு' என்றார். சொன்னேன். மாநிறம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது, நெற்றி அகலம், உன்னைவிடக் கொஞ்சம்தான் குட்டை. பல் எப்படி, முடி எப்படி என்று விடாமல் கேட்டார். 'ஒன் மகன் பக்கத்துல நிக்கிறானா, அவன் எப்படி இருக்கான்' என்றும் கேட்டார். இளைத்திருக்கிறான் என்றேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். உன்னால் முடியாமல் போகிற எதையும் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லிவிடு. அவள் கூடவே இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாதே. நானும் கூடவேதான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் புரியாத மாதிரி ஒன்றைச் செய்தால், கத்துவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தடவை கேள், அப்புறம் இன்னொரு தடவையும் கேள். கோபம் வந்தால் சட்டியை உடை, கதவைச் சாத்து, கண் கால் என்று உடம்பை இழுத்துப் பேசாதே. நீ தெரியாமல் கேட்டாய், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டது கேட்டதுதான். அழாதே என்று நான் சொல்ல மாட்டேன். அழ வேண்டியதை அங்கேயே அழுது முடித்துவிட்டு வா. இங்கே வந்து அழுதால் அவருக்குக் கேட்கும்.

உன் விளக்குகளை அவர் குப்பையில் போடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பீரோவில் தன் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் நானே எடுத்துக் கொடுத்துப் பாண்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். பக்கத்தில் நின்று எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டி முடித்ததும் யார் பிரேக்கை மிதிப்பது என்று பாண்டி கேட்டான். 'எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு' என்று உன் அப்பாதான் ஜீப்பைத் தடவிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தார். எத்தனையோ மாதம் கழித்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அங்கிருந்தே 'எரியுதா?' என்று கேட்டார். நான் பின்னால் நின்று 'எரியுதுங்க' என்றேன். அன்றிலிருந்து எங்கள் இடம் மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் ரெண்டு முறை கேட்கிறார், நான் ரெண்டு முறையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மண்டபத்துக்கு நேரே வராதே. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி வீட்டுக்கு வா. தொண்டிக்கு ஒரு படகு தயாராக இருக்கிறது, நீ வந்த மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே வந்ததும் அவர் காலில் விழுவது, மன்னிப்புக் கேட்பது என்று ஒன்றும் செய்து வைக்காதே, அதெல்லாம் அவருக்கும் ஆகாது, உனக்கும் வராது. காலையில் அவர் ஜீப்பில் ஏறி உட்காருவார். நான் அடுப்படியில் வேலையாக இருப்பேன், கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீ போய்ப் பின்னால் நில். அவர் கேட்பார். நன்றாகப் பார்த்து, எரியாவிட்டால் எரியவில்லை என்றே சொல். எரிந்தால், முன்னால் இருப்பவருக்குக் கேட்கும்படி 'எரியுதுப்பா' என்று சொல். உன் வாயிலிருந்து அந்த 'அப்பா'வைக் கேட்டு அவருக்கு ஒன்றரை வருடம் ஆகிறது.

அம்மா